மைனருக்குள் நிசான் ஏ12: 60இல் வரும் முழக்கம் எங்கிருந்து வருகிறது?

கணக்கு டீச்சர், தெஹிவளை

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். விவரம் இல்லாமல் கேட்டால் நீங்களும் ஊகத்தில்தான் பதில் சொல்ல வேண்டிவரும், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கார் 1964 மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு. பெரியப்பாவுடையது. என்னைப் பாலர் பாடசாலைக்கு ஏற்றிக்கொண்டு போன கார். அவருக்குக் கண் பார்வை குறைந்த பிறகு ஆறு வருடம் வத்தளையில் பலாமரத்தின் கீழே நின்றது. போன வருடம் "நீ கொண்டு போ பிள்ளை, விற்க மட்டும் விற்காதே" என்று சாவியைத் தந்தார்.

சொந்த எஞ்சின் 1098 சிசி. ஹெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே வெடிப்பு. புளொக் ஏற்கெனவே ஸ்லீவ் அடித்தது, அதில் ஒன்று இறங்கியிருந்தது. அதைச் சரியாகச் செய்து எடுப்பதற்கான செலவைக் கூட்டிப் பார்த்தேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஓடும் நிலையில் கிடைத்த ஒரு நிசான் ஏ12 எஞ்சினையும் நிசான் சன்னி பி310 காரின் ஐந்து கியர் பொக்ஸையும் சேர்த்து வாங்கினாலும் அதைவிடக் குறைவாகவே வந்தது. டட்சன் 1200இல் வந்த அதே 1171 சிசி எஞ்சின்தான். பழைய எஞ்சினை எறியவில்லை. ஒயில் ஊற்றி, தார்ப்பாய் சுற்றி, பலகை மேல் வைத்திருக்கிறேன்.

வேலை நடக்கும் இடம் எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோ. மூன்று மணியிலிருந்து எனக்கு டியூஷன் வகுப்புகள். ஆகவே காலை எட்டிலிருந்து ஒரு மணி வரைதான் கார். ஒக்டோபர், நவம்பரில் அதுவே போதும், ஏனென்றால் கொழும்பில் அந்த மாதங்களில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியும் மழையும் தொடங்கிவிடும். ஒரு நாள் தூறல் முந்திக்கொண்டு வந்து, துடைத்து வைத்த ஃபிளைவீலில் ஒரே இரவில் செம்மஞ்சள் பூத்துவிட்டது. கடற்காற்று வேறு. அன்றிலிருந்து கழற்றும் எந்த இரும்பையும் ஒயில் துணியில் சுற்றாமல் வைப்பதில்லை.

எஞ்சின் மவுண்டுக்குப் புதிதாகத் தாங்கிகள் அடித்தேன். மைனரின் கிளச் கம்பியால் இயங்குவது, நிசானுடையது ஒயில் அழுத்தத்தால் இயங்குவது, அந்த மாற்றம் மட்டும் மூன்று கிழமை தின்றது. மின்சாரத்தில் மைனர் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் கார் உடலோடு இணைந்திருக்கும். இப்போது ஒல்டர்னேட்டர் என்பதால் முழுவதையும் நெகட்டிவ் ஏர்த்தாக மாற்றினேன். கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் ப்ரொபெலர் ஷாஃப்டின் முன்பாதி நிசானுடையது, பின்பாதி மைனருடையது. ஒரு லேத்தில் கொடுத்து இரண்டையும் வெட்டி ஒன்றாக வெல்ட் செய்து வாங்கினேன். பலன்ஸும் பார்த்துத்தான் தந்ததாகச் சொன்னார்கள்.

டிசம்பர் விடுமுறையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது சுழற்றலிலேயே பிடித்தது. அம்மா கையில் இருந்த சுளகோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

இப்போது பிரச்சினை. மணிக்கு 55 கிலோமீட்டர் வரைக்கும் அருமையாக ஓடுகிறது. 58இல் ஒரு முழக்கம் தொடங்கும். காதுக்குக் கேட்பதைவிட முதுகுக்குத் தெரியும், கோயிலில் தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. 60இல் உச்சம். 66, 67இல் குறைகிறது. ஸ்டியரிங் ஆடவில்லை. முன் சீட்டுக்குக் கீழே நட்டு, போல்ட் போட்ட ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அது 58 ஆனவுடன் முணுமுணுக்கும், 60இல் கிலுகிலுவென்று சத்தமிடும், 67இல் அடங்கும். வேகமானியைவிட அந்த டின் சரியாகச் சொல்கிறது. (கியர் பொக்ஸ் மாறியதால் வேகமானி பொய் சொல்கிறது. நான் எழுதும் வேகங்கள் தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டியவை.)

இதுவரை நான்கு சக்கரங்களையும் பலன்ஸ் பண்ணினேன், மாற்றம் இல்லை. எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள் புதியவை. நின்ற இடத்தில் எஞ்சினை நிமிடத்துக்கு 2300 சுற்றுக்கு ஏற்றிப் பார்த்தேன், அமைதியாக இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் கியர் பொக்ஸ் சாய்ந்திருக்கும் கோணத்தில். அதை உயர்த்த வேண்டுமென்றால் நடுத்தளத்தின் தகட்டை வெட்ட வேண்டும். அறுபது வருடத் தகட்டை வெட்டிய பிறகு "அது இல்லை" என்று தெரிந்தால் மனம் தாங்காது. வெட்டுவதற்கு முன் உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறதா?


பாணந்துறை பி310

டீச்சர், சக்கரம் பலன்ஸ் பார்த்தது சரி. ரிம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? பழைய மைனர் ரிம் நிறைய முட்டை வடிவம் ஆகியிருக்கும். ஜாக்கியில் தூக்கி, ஒரு பென்சிலை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.


கொட்டாஞ்சேனை மைனர்காரர்

பிள்ளை, உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் வேறு இரண்டு விஷயம் சொல்ல வந்தேன். என்னிடம் 1958 மைனர் இருக்கிறது, 948 சிசி எஞ்சின், இன்னும் அதே எஞ்சின். அதனால் மைனரில் வேறு எஞ்சின் என்றாலே எனக்கு நெஞ்சு ஒரு தரம் பிசையும். ஆனால் பழைய எஞ்சினைச் சுற்றி வைத்திருக்கிறேன் என்று எழுதினீர்களே, அதை வாசித்த பிறகு கோபம் போய்விட்டது. நம் நாட்டில் இந்தக் கார்கள் இவ்வளவு காலம் ஓடுவதற்குக் காரணமே இப்படிக் கைக்குக் கிடைத்ததை வைத்து உயிர் கொடுத்தவர்கள்தான். 2002இல் பெட்ரோலில் ஈயம் நிறுத்தப்பட்ட பிறகு, பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ட் வால்வ் உட்காரும் இடம் தேய்ந்து போய் எத்தனை பேர் கஷ்டப்பட்டார்கள். உங்கள் ஏ12இல் அலுமினிய ஹெட், வால்வுக்குக் கடினமான வளையம் தனியாக இறக்கியிருக்கும். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

முதலாவது, பிரேக். 1098 காரில் முன்பக்கம் 8 அங்குல டிரம். அது நல்லது, என்னுடையதில் 7 அங்குலம்தான். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே சேஸி சட்டத்துக்குள் ஒளிந்திருப்பதால் ஒருவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஆறு வருடம் நின்ற கார். ரப்பர் காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் ஏறியிருக்கும். ஒரே சுற்றுப் பிரேக் என்பதை மறக்காதீர்கள், ஒரு இடத்தில் விட்டால் நான்கும் போகும். புதிய எஞ்சினின் வேகத்தை அனுபவிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இரண்டாவது, எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதிவுப் புத்தகத்தில் மாறிவிட்டதா? மாறாமல் ஓடினால் ஒரு விபத்து நடக்கும் நாளில் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.


கணக்கு டீச்சர், தெஹிவளை

பி310 தம்பி, பென்சில் பரிசோதனை செய்தேன். பின் இடதில் ஒரு மில்லிமீட்டர் போல ஆட்டம், மற்றவை சுத்தம். அதை ஸ்பெயார் சக்கரமாக மாற்றிவிட்டு ஓடினேன். முழக்கம் அப்படியே.

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பிரேக்கைத்தான் முதலில் செய்தேன், எஞ்சின் வருவதற்கு முன்பே. மாஸ்டர் சிலிண்டரின் போல்ட்டை எடுக்க டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது, அதைத் தளர்த்தி இறக்காமல் போல்ட் வெளியே வராது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு காலை போனது. திறந்தபோது உள்ளே தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர். புதிய சிலிண்டர், புதிய ஹோஸ், எல்லாக் குழாயும் புதிது. இப்போது மிதித்தால் நேராக நிற்கிறது.

பதிவும் முடிந்துவிட்டது. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டில் இலக்கம் தெளிவாக எழுதச் சொல்லி வாங்கியிருந்தேன். நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு இரண்டு தடவை அலைந்தேன். புகைப் பரிசோதனையும் முதல் தடவையே தாண்டியது. அன்று பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு "ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்" என்றார்.


மொறட்டுவை 77

அக்கா, நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். முழக்கத்துக்கு ஒரு சுருதி இருக்கும். அந்தச் சுருதி எது என்று அளந்தால் எந்த உறுப்பு பேசுகிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் காரில் 1098இன் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) என்றால் விகிதம் 4.22, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.22 சுற்றுச் சுற்றும். டயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.67 மீட்டர். அதை அந்த நீளத்தால் வகுத்தால் சக்கரம் விநாடிக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று வரும். சுமார் 9 வரும். சக்கரத்தில் குறை என்றால் அந்த 9தான். அது சத்தமாக வராது, ஆட்டமாக வரும். 9ஐ 4.22ஆல் பெருக்கினால் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, 38க்குக் கிட்ட. ஷாஃப்டின் பலன்ஸ் பிழை அந்த 38இல் பேசும். யூனிவர்சல் ஜொயின்ட்டின், அதாவது ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுற்றும் மூட்டின், கோணத்தில் பிழை என்றால் அது ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் முன்னே தள்ளி இரண்டு தரம் பின்னே இழுக்கும், ஆகவே 38இன் இரட்டிப்பு, விநாடிக்கு 76 அதிர்வு, அதாவது 76 ஹேர்ட்ஸ் அளவில் வரும்.

தொலைபேசியில் சத்தத்தின் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, சீட்டுக்கு நடுவே வைத்து ஓடிப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. நாலாவது கியரில் பார்க்காதீர்கள். அந்தக் கியர் பொக்ஸில் நாலாவது நேரடி கியர், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கிறது. அதுவும் அதே 76இல் வரும்! எது பேசுகிறது என்று பிரிக்க முடியாது. ஐந்தாவதில் ஓடுங்கள். எஞ்சின் மெதுவாகும், ஷாஃப்ட் மாறாது. பிறகு நியூட்ரலில் விட்டு 70இலிருந்து 50 வரை தானாக இறங்க விடுங்கள். இரண்டிலும் 60ஐத் தொடும்போது அந்த 76 அப்படியே வந்தால் கியர் பொக்ஸுக்குப் பின்னால்தான் வேலை.


மட்டக்குளி லேத்

நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஷாஃப்ட் வெட்டி ஒட்டுகிற ஆள். டீச்சர், தகட்டில் கை வைக்காதீர்கள். முதலில் ஷாஃப்டைக் கழற்றி வெளியே எடுங்கள்.

மேலே தம்பி எழுதியது சரியான பேச்சு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இரட்டிப்புச் சத்தத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று கோணம். மற்றது இரண்டு கவைகளும், அதாவது ஜொயின்ட்டைப் பிடிக்க ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் இரட்டைக் கை உறுப்புகள், ஒரு நேரில் இல்லாதது. நீங்கள் சொன்னது நிசான் பாதி, மைனர் பாதி. வேறு வேறு இரண்டு ஷாஃப்டைச் சேர்க்கும்போதுதான் இந்தப் பிழை வரும். ஒரே ஷாஃப்டைக் குறைத்தால் பழைய வெல்டிங் கோடு வழிகாட்டும், பாதிக்குப் பாதி சேர்க்கும்போது வழிகாட்ட ஒன்றும் இல்லை.

விளக்கமாகச் சொல்கிறேன். கோணத்தில் நிற்கும் ஒரு ஜொயின்ட் சீராகச் சுற்றாது. உள்ளே போகும் வேகம் சீர், வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் கூடிக் குறையும். பின்பக்கத்து ஜொயின்ட் அதை எதிர்ப்பக்கமாகச் செய்து சமப்படுத்த வேண்டும். அது நடப்பதற்கு, குழாயின் இரு முனையிலும் வெல்ட் பண்ணியிருக்கும் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் படுத்திருக்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தால் முன்னது கூட்டும்போது பின்னதும் கொஞ்சம் கூட்டும். முழக்கம் அதுதான். பலன்ஸ் மெஷினில் இது பிடிபடாது. அங்கே ஷாஃப்ட் நேராக நிற்கிறது, கோணம் இல்லை. ஆகவே பலன்ஸ் பார்த்துத் தந்தோம் என்று உங்களிடம் சொன்னவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பார்க்கும் விதம்: கியர் பொக்ஸுக்குள் நுழையும் யோக்கைப் பார்க்க வேண்டாம், டிஃபரன்ஷியலில் போல்ட் அடிக்கும் தட்டையும் பார்க்க வேண்டாம். அவை எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை. குழாயோடு வெல்ட் பண்ணிய இரண்டு கவை மட்டும். இரண்டு மரக்கட்டையில் 'வி' வெட்டி அதில் ஷாஃப்டைப் படுக்க வையுங்கள். ஒரு முனைக் கவையின் இரண்டு கப்புக்கும் (ஊசி பெயாரிங் இருக்கும் மூடிகள்) மேலே நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். ஷாஃப்ட் உருளாமல் மற்ற முனையில் வைத்துப் பாருங்கள். ஒரு பாகைக்குள் இருந்தால் நல்ல வேலை.

அதோடு காரில் கோணத்தையும் எடுத்து வையுங்கள். கார் சக்கரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பின் அச்சுக்குக் கீழே தாங்கி வைக்க வேண்டும். அச்சு தொங்கினால் அளவு பொய். கியர் பொக்ஸின் வால் எவ்வளவு கீழே பார்க்கிறதோ டிஃபரன்ஷியலின் மூக்கு அவ்வளவு மேலே பார்க்க வேண்டும். இரண்டு ஜொயின்ட்டிலும் கோணம் ஏறக்குறைய சமமாக, மூன்று நான்கு பாகைக்குள் இருந்தால் நான் கை வைக்க மாட்டேன். பூச்சியமாக்கவும் கூடாது. துளி கோணம் இல்லாவிட்டால் உள்ளே ஊசி பெயாரிங் உருளாது, ஒரே இடத்தில் நின்று குழி விழும்.


கணக்கு டீச்சர், தெஹிவளை

மூன்று நாள் எடுத்தது, ஆனால் இன்று எழுதாமல் தூங்க முடியாது.

முதலில் சத்தம். டயரின் ஒரு சுற்று 1.82 மீட்டர் வந்தது. 60இல் சக்கரம் விநாடிக்கு 9.2, ஷாஃப்ட் 38.6, இரட்டிப்பு 77. கணக்கைத் தாளில் எழுதி டாஷ்போட்டில் ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு விடியற்காலை தம்பியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பாணந்துறை தாண்டிப் போனோம். காலி வீதி அந்த நேரம் வெறிச்சென்று இருந்தது. ஐந்தாவது கியரில் 60. தம்பி செயலியைப் பார்த்து எண்ணை வாசித்தான்: "76, 77, 77." பிறகு நியூட்ரல். எஞ்சின் சத்தம் விழுந்துவிட்டது, அந்த 77 மட்டும் தனியாக நின்றது. வேகம் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கியது, 74, 71, பிறகு காணாமல் போனது. மொறட்டுவைத் தம்பி, தாளில் எழுதிய எண் தொலைபேசியில் வந்து நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு விகிதம் படிப்பிக்கிறேன். அடுத்த தவணையில் இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் போடப்போகிறேன்.

அப்புறம் கோணம். பின் சீட்டில் தம்பியையும் அவனுடைய நண்பனையும் உட்கார வைத்து, கார் நான்கு சக்கரத்திலும் நிற்க, கீழே படுத்து அளந்தேன். கியர் பொக்ஸ் வால் 3 பாகை கீழே. ஷாஃப்ட் 6.5 பாகை கீழே. டிஃபரன்ஷியல் மூக்கு 2.5 பாகை மேலே. ஆகவே முன் ஜொயின்ட்டில் 3.5, பின் ஜொயின்ட்டில் 4. லேத் ஐயா சொன்ன எல்லைக்குள்ளேயே இருக்கிறது. நான் மூன்று கிழமையாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த கோணம் சரியாகத்தான் இருந்தது. தகட்டை வெட்டியிருந்தால் சும்மா வெட்டியிருப்பேன்.

திங்கள் காலை ஷாஃப்டைக் கழற்றினேன். டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு போல்ட். தட்டும் தட்டும் சேரும் இடத்தில் முதலில் உளியால் ஒரு சின்ன அடையாளம் போட்டுக்கொண்டேன், திரும்பவும் அதே இடத்தில் பொருந்துவதற்கு. முன்பக்கத்தை இழுத்தவுடன் கியர் பொக்ஸ் ஒயில் கையில் வடிந்தது, ஒரு பழைய ஷொப்பிங் பையை ரப்பர் வளையத்தால் கட்டினேன். அம்மா தேங்காய் துருவும் பலகையைத் தர மாட்டேன் என்றுவிட்டார், ஆகவே வீட்டில் இருந்த பழைய ஜன்னல் சட்டத்தில் 'வி' வெட்டினேன்.

ஷாஃப்டைப் படுக்க வைத்து, நிசான் பக்கத்துக் கவையில் நீர்மட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை உருட்டினேன். இரண்டு பக்கமும் மரத்துண்டு செருகினேன். மறுமுனைக்குப் போய்த் தொலைபேசியைக் கப்புகளின் மேல் வைத்தேன். 22 பாகை. நம்பாமல் திரும்பவும் நிசான் பக்கம் போய்ப் பார்த்தேன், குமிழி நடுவில்தான் நின்றது. மறுபடி அளந்தேன். 22. வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு. இரண்டு மாதமாகப் போர்ட்டிக்கோவில் என் கண் முன்னால் கிடந்த ஷாஃப்ட், வெல்டிங் வடிவாக இருக்கிறதா, பூச்சு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். இரண்டு கவையையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

லேத் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இப்போது இதைத் திருத்தும்போது நான் என்ன கேட்டு வாங்க வேண்டும்? முதல் தடவை ஒன்றும் தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை பக்கத்தில் நிற்கப்போகிறேன்.


மட்டக்குளி லேத்

22 பாகையா! அந்த அளவுக்கு முழக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பக்கத்தில் நிற்பது நல்லது, நல்ல வேலைக்காரன் கோபிக்க மாட்டான். பழைய வெல்டிங்கை லேத்தில் வைத்து வெட்டித்தான் பிரிக்க வேண்டும், கிரைண்டரால் கையில் வெட்ட விடாதீர்கள். கவையின் கழுத்து குழாய்க்குள் இறுக்கமாக நுழைய வேண்டும், தளர்வாக இருந்தால் அச்சு கோணிவிடும். திருப்பி நேர்ப்படுத்திய பிறகு நான்கு புள்ளியில் மட்டும் ஒட்டுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, உங்கள் நீர்மட்டத்தால் இரண்டு முனையும் பாருங்கள். பிறகு டயல் கேஜ் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்துக் குழாயின் நடுவில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். முழு வெல்டிங் ஒரே மூச்சில் சுற்றிவரக் கூடாது. ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். அப்படிச் செய்தால் சூட்டில் வளையாது. ஆறிய பிறகு மறுபடியும் டயல் கேஜ். அதற்குப் பிறகுதான் பலன்ஸ்.

கழற்றியதோடு இரண்டு ஜொயின்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிழையாகச் சுற்றியதில் அவையும் அடி வாங்கியிருக்கும்.


கணக்கு டீச்சர், தெஹிவளை

முடிந்தது. வேறு ஒரு லேத்தில் கொடுத்தேன். வயதான பாஸ் ஒருவர், சிங்களத்தில் நான் தடுமாறித் தடுமாறி விளக்க, அவர் ஷாஃப்டைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே துப்பாக்கி பிடிப்பது போலப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், தலையை ஆட்டினார். நீர்மட்டத்தைப் பையிலிருந்து எடுத்தபோது சிரித்துவிட்டு, தன்னுடையதை எடுத்து வந்தார். அது என்னுடையதைவிட நல்லது. நான்கு புள்ளியில் ஒட்டிவிட்டு அவரே என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னார். அரைப் பாகைக்குள். வெல்டிங்குக்குப் பிறகு டயல் கேஜில் 0.3 மில்லிமீட்டர்.

பழைய ஜொயின்ட்டைப் பிரித்தபோது நீங்கள் சொன்னது போலவே, ஐயா, ஒரு கப்புக்குள் ஊசிகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது, சீப்பால் இழுத்த மாதிரி. அதை எடுத்து வைத்திருக்கிறேன், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட.

நேற்று காலை மழை இல்லை. அதே வீதி, அதே நேரம், தம்பி பக்கத்தில். 55, 58, 60. பிஸ்கட் டின் பேசவில்லை. தம்பி குனிந்து டின்னைத் திறந்து நட்டுகள் உள்ளேதான் இருக்கின்றனவா என்று பார்த்தான். 65, 70. காற்றுச் சத்தமும் எஞ்சினின் சத்தமும் மட்டும். செயலியில் 77இல் இன்னும் ஒரு சின்ன மேடு தெரிகிறது, ஆனால் காதுக்கோ முதுகுக்கோ எட்டவில்லை. அதை விட்டுவிடலாமா?

வரும் வழியில் நேரே வத்தளைக்கு விட்டோம். பெரியப்பாவை முன் சீட்டில் ஏற்றி, ஒழுங்கையைச் சுற்றி ஒரு சுற்று. அவர் கையைக் கதவில் வைத்தபடி முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். இறங்கும்போது, "மூன்றாவது கியரில் கொஞ்சம் சிணுங்குகிறதே" என்றார். எனக்குக் கேட்கவே இல்லை. இன்று திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். சிணுங்குகிறது.


மட்டக்குளி லேத்

அந்த மேட்டை விட்டுவிடுங்கள். கோணம் உள்ள எந்த ஷாஃப்டிலும் கொஞ்சம் இருக்கும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள ஜொயின்ட் என்றால், நிப்பிள் இரண்டும் ஒரே பக்கம் வருகிறதா பாருங்கள், காருக்குக் கீழே படுத்து கிரீஸ் கன் எட்ட வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியவுடன் நான்கு போல்ட்டையும் ஒரு தரம் இறுக்குங்கள்.


கொட்டாஞ்சேனை மைனர்காரர்

மூன்றாவது கியர் சிணுங்கலுக்கு முதலில் ஒயில் அளவைப் பாருங்கள் பிள்ளை. ஷாஃப்டைக் கழற்றியபோது வடிந்தது என்று எழுதினீர்களே, திரும்ப ஊற்றினீர்களா?


கணக்கு டீச்சர், தெஹிவளை

இல்லை ஐயா! இப்போதுதான் கீழே போய்ப் பக்கவாட்டு மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன், ஒயில் விரலுக்கு எட்டவில்லை. காலையில் பஞ்சிகாவத்தை திறந்தவுடன் முதல் ஆளாக நிற்பேன்.